பார்வையில்லாத கணவரோடு வத்தல்மலைக்கு

என் கணவர் ரவிக்குப் பார்வை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதன்பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். "கூட்டத்துல யாராவது இடிப்பாங்க சுமதி" என்பார். கூட்டமில்லாத மலையாகத் தேடியதில் கிடைத்தது, தர்மபுரி பக்கத்து வத்தல்மலை. மார்ச் கடைசியில், ஒரு மழை பெய்து ஓய்ந்த வாரம், ஒருவழியாகச் சம்மதித்தார்.

காட்பாடியில் ரயில் ஏறி ஒன்பதே முக்காலுக்கு மொரப்பூரில் இறங்கினோம். தர்மபுரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கிருந்து மலைக்குச் சுமார் 25 கிலோமீட்டர். பஸ் உண்டு, நாங்கள் 1,300 ரூபாய்க்குக் கார் பேசிக்கொண்டோம். ஓட்டியவர் அன்வர் பாய்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, பள்ளம், பாறை, கீழே ஏரி என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மேலே சேர்ந்ததும் அவரே கேட்டார்: "பாய், மல்லிகை மாதிரி வாசனை வருதே?"

"காப்பிப் பூ சார். மழை பெஞ்சதுல பூத்திருக்குது. வண்டிய நிறுத்தட்டுங்களா?"

இறங்கிப் பத்து நிமிடம் சும்மா நின்றோம். நான் வாயே திறக்கவில்லை.

தங்கியது மாதம்மாள் வீட்டில். ஓர் அறை, சாப்பாட்டோடு நாளுக்கு 800 ரூபாய். அந்த அம்மா நேராகவே கேட்டுவிட்டார். "கண்ணு சுத்தமா தெரியாதுங்களாண்ணா?"

"தெரியாதும்மா."

"கை நல்லாத்தான இருக்குது? இந்த மொளகுச் சரத்தக் கொஞ்சம் உதுத்துக் குடுங்க."

விருந்தாளியிடம் வேலை வாங்குகிறாரே என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. என் கணவரோ உதிர்க்க உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், "இது பிஞ்சா இருக்கு, தனியா போடவா?" என்று ஒரு சரத்தை நீட்டினார்.

மாதம்மாள் வாங்கிப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு கண்ணு தெரிஞ்சே கலந்து வெச்சிருவாருங்க!"

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! முகம் கழுவுவது போல உள்ளே போய் அழுதேன்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு விழித்தால் பக்கத்தில் ஆளில்லை. பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன்.

"டீக்கடை எங்கன்னு கேட்டாருங்க. வேலியப் புடிச்சிக்கிட்டே போங்கன்னேன்" என்றார் மாதம்மாள்.

"தனியாவா?"

"நான் பாத்துக்கிட்டுதான் இருக்கறேன். நீங்க கூப்புடாதீங்க."

பனியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். வேலி முடிந்த இடத்தில் நின்றார். காலால் தரையைத் துழாவினார். பிறகு கையை எடுத்துவிட்டு, கடைப் பேச்சுச் சத்தத்தை நோக்கி நடந்தார். பதினைந்து அடி இருக்கும். கடையிலிருந்து அவர் குரல் கேட்டது: "ரெண்டு டீ. ஒண்ணுல சர்க்கரை கம்மி, எங்க வீட்டம்மாவுக்கு."

போகிறவர்கள் ஸ்வெட்டர், மாத்திரை, கையில் கொஞ்சம் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னலை நம்ப வேண்டாம். திரும்பும் பஸ் நேரத்தைத் தர்மபுரியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்வையில்லாதவரோடு போனால், கேட்டால் மட்டும் விவரியுங்கள். மற்ற நேரம் பேசாமல் கூட இருந்தாலே போதும். இதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

இரண்டு நாள் என்று போனவர்கள் நான்காம் நாள்தான் இறங்கினோம். இன்னும் இருக்கலாமே என்று கேட்டது அவர்தான்.