செவ்வந்திக்குப் பல் எடுத்த கதை

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் கருப்புசாமிக்கு மெதுவாகப் பேச வராது. மீசை முளைக்கும் முன்பே உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தோட்டவேலையை விட்டுவிட்டுத் தறிக்குடோனுக்குள் நுழைந்தவர். அந்த இரைச்சலில் நின்று நின்று காது பாதி மந்தமாகிவிட்டது. மகளைக் கொஞ்சினால்கூடக் கேட்பவர்களுக்கு அதட்டுவதுபோல்தான் இருக்கும்.

1996இல், பள்ளிக்கூடம் திறந்த சமயம், ஏழு வயது செவ்வந்திக்குக் கடைவாய்ப் பால்பல் ஒன்று சொத்தையாகிக் கன்னம் வீங்கிவிட்டது. கிராம்பு வைத்துப் பார்த்தார்கள், உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை சோறு மெல்ல முடியாமல் அழ, கருப்புசாமி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற்றினார்.

"சும்மா பல்லைக் காட்டிப்போட்டு வந்தர்லாம் அம்மணி. ஊசியெல்லாம் கெடையாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

அதுதான் வினையாகப் போயிற்று. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்ததும் செவ்வந்தி தட்டிலிருந்த ஊசியைப் பார்த்துவிட்டாள். உடனே வாயை இறுக மூடிக்கொண்டாள். "தொற கண்ணு, அப்பா இருக்கறனல்ல!" என்று அவர் கெஞ்சினார். அந்தக் கெஞ்சல் வெளியே காத்திருந்தவர்களுக்கு மிரட்டலாகக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செவ்வந்தி முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

பல் டாக்டர் ஹுமேரா தட்டின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். முகத்தில் கோபம் இல்லை.

"இன்னைக்கு வேண்டாமுங்க. மருந்து எழுதித் தாரேன், மொதல்ல வீக்கம் வத்தட்டும். ஆனா ஒண்ணு. வலிக்கவே வலிக்காதுன்னு பாப்பாகிட்டச் சொல்லாதீங்க. அடம் புடிச்சா ஊசி போட்டுருவாங்கன்னு பயமுறுத்தவும் வேண்டாம். என்ன நடக்கப்போகுதோ அதை அப்படியே சொல்லுங்க. காலையில ஏதாச்சும் சாப்பிட வெச்சுக் கூட்டியாங்க."

திரும்பும்போது செவ்வந்தி அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருப்புசாமிக்கு அதுதான் பெரிய வலியாக இருந்தது.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. ஒரு சாயங்காலம் மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அப்பன் பொய் சொல்லிப்போட்டேன் கண்ணு. ஊசி உண்டு. சுருக்குன்னு இருக்கும். அப்புறம் அந்தப் பக்கமே மரத்துப்போயிரும். பல்லை எடுக்கறப்ப அமுக்கற மாதிரி தெரியும்."

"ரத்தம் வருங்களாப்பா?"

"கொஞ்சூண்டு வரும். பஞ்சைக் கடிச்சுக்கிட்டா நின்னுரும்."

செவ்வந்தி யோசித்தாள். "நடுவுல எனக்கு முடியலீன்னா? வாயைத் தொறந்துட்டு எப்படிங்கப்பா சொல்றது?"

பக்கத்தில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி அன்புச்செல்வி தலையை நிமிர்த்தினாள்.

"ஏனுங்க, குடோன்ல நாம வாயிலயா பேசறோம்?"

தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைப்பேச்சுதான். இரண்டு விரலை விரித்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் தண்ணீர் வேண்டும். முஷ்டியைத் தூக்கினால் தறியை நிறுத்து, உள்ளங்கையை விரித்து அசைத்தால் ஓட்டு. தறிகளுக்கு நடுவே தூளியில் தூங்கி வளர்ந்தவள் செவ்வந்தி. அவளுக்கு இதெல்லாம் பேச்சு வருவதற்கு முன்பே தெரியும்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருப்புசாமி தயங்கித் தயங்கி இந்தக் கைப்பேச்சு விஷயத்தைச் சொன்னார். சிரிப்பார்களோ என்று பயம். ஹுமேரா சிரிக்கவில்லை. முஷ்டியை எப்படித் தூக்க வேண்டும் என்று செவ்வந்தியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"நீ தூக்குனா நான் நிறுத்திருவேன். சரியா?"

கருப்புசாமி மகளின் கண்ணுக்கு நேராக, நாற்காலியின் கால்மாட்டில் போய் நின்றார். டாக்டர் ஈறில் மரப்பு மருந்தைத் தடவியதுமே முஷ்டி எழுந்தது. டாக்டர் கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கினார். மறுபடியும் முஷ்டி. மறுபடியும் நிறுத்தினார். வெளியே ஆள்கள் காத்திருந்தார்கள். கருப்புசாமிக்குக் கூச்சமாகிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா..."

"இருக்கட்டுங்க. நான் சொன்ன சொல் நிஜமான்னு பார்க்கறா. பார்க்கட்டும்."

கருப்புசாமி தன் குடோனை நினைத்துக்கொண்டார். அங்கே தறி கொஞ்ச நேரம் நின்றால்கூட முதலாளி முகம் சுளிப்பார். இங்கே படித்த டாக்டர் ஒருவர், செவ்வந்தியின் சின்னக் கைக்கு மதிப்புக் கொடுத்து நிற்கிறார்.

செவ்வந்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல், மூச்சை இழுத்து விடும்படி கையால் காட்டினார். அவளும் அப்படியே செய்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து அசைத்தாள்.

ஊசி இறங்கியபோது கண்ணோரம் நீர் வழிந்தது, முஷ்டி எழவில்லை. மரத்துப்போகும்வரை காத்திருந்து டாக்டர் பல்லை அசைத்தார். அப்பாவும் மகளும் கைகளாலேயே ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பல் கையோடு வந்ததுகூடச் செவ்வந்திக்குத் தெரியவில்லை.

"மரப்பு தெளியற வரைக்கும் உதட்டைக் கடிச்சுக்காம பார்த்துக்கோங்க. சூடா ஒண்ணும் தர வேண்டாம்" என்றார் டாக்டர். கருப்புசாமி நன்றியோடு கைகூப்பிவிட்டு மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தார். எட்டு மாதக் குழந்தைபோல அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அன்புச்செல்வி தயிர்சோற்றைக் குழையப் பிசைந்து ஆறவைத்திருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தம்மா நல்லா இருக்கோணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் புண்ணைக் காட்டப் போனபோது, உடுமலைப்பேட்டையிலிருந்து தன் தம்பி கொண்டுவந்திருந்த இளநீர்க் குலையைக் கருப்புசாமி தோளில் சுமந்துபோனார். "எதுக்குங்க இதெல்லாம்?" என்று ஹுமேரா கேட்டு முடிப்பதற்குள், செவ்வந்தி தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டாள்.