வலது காலும் வாவா பெடலும்

2024 ஜூலை 6, சனிக்கிழமை, காலை 10.40. வானம் மூடியிருந்தது. மலைப் பக்கம் சாரல் என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். சங்கரன்கோவிலுக்கு வந்துசேர்ந்தது காற்றும் புழுதியும் மட்டும்தான். கடையநல்லூர் பேருந்தில் இடப்பக்கம் நான்காவது வரிசையில், மடியில் காலிப் பையுடன் உட்கார்ந்திருந்தேன். அறுபத்தொன்பது வயதில் கிதாருக்குப் பழைய பெடல் வாங்கப் போவதை யாரிடமும் சொல்லக் கூச்சம். தெரிந்தவர் யாராவது கேட்டால் காட்டுவதற்காகப் பல் மருத்துவரின் சீட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வாவா பெடல் என்பது செருப்பைவிடச் சற்றுப் பெரிய இரும்புப் பெட்டி. மேல் தட்டில் பாதத்தை வைத்து முன்பக்கம் அழுத்தினால் கிதாரின் ஒலி வாய் திறக்கும். குதிகாலைத் தாழ்த்தினால் வாய் மூடும். எங்கள் மெல்லிசைக் குழு கோவில் கொடைத் திருவிழாக்களுக்கு வாசித்துத் திரிந்த காலத்தில் இதைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் அன்று பிரபலமாயிருந்த ஒரு பாட்டில் பதினோரு இடங்களில் அந்த ஒலி வரும். ராயகிரியில் ஒரு கொடை மேடையில், பாட்டைக் காப்பாற்றுகிறேன் என்று மைக்கில் வாயை வைத்து அந்தப் பதினோரு ஒலியையும் நானே கொடுத்தேன். ஐந்தாவது வந்தபோது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“யாருல அது, மேடையில வாத்த அவுத்து விட்டது?”

எங்கள் டிரம்ஸ்காரர் சிரித்த சிரிப்பில் ஒரு குச்சி கீழே விழுந்தது. அன்றிலிருந்து நான் வாத்து. அதன் பிறகு கல்யாணம் செய்தேன், பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருடம் கட்டட வேலைகளை அளந்து அளவுப் புத்தகம் எழுதினேன், இரண்டு பதவி உயர்வு பெற்றேன், ஓய்வும் பெற்றேன். ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலை போட வந்த டிரம்ஸ்காரர் என் மேலதிகாரியிடம், “எங்க வாத்து ரொம்ப நேர்மையான ஆளு சார்” என்றார்.

2024 ஜூன் மாதம் அதே டிரம்ஸ்காரர் தன் கடைசி மகனின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். உறையில் என் பெயர் ஒழுங்காக எழுதியிருந்தது. அடைப்புக்குறிக்குள் வாத்து என்றும் இருந்தது.

“ஆடி பொறக்கதுக்கு முன்ன, பதினாலாந் தேதி சாயங்காலம் ரிசப்ஷன். நம்ம பழைய செட்டு நாலு பாட்டு வாசிக்கோம். கடைசில அந்த வாவா பாட்டு” என்றார். “வாய நல்லா கொப்பளிச்சிட்டு வாரும்வே.”

ஐந்நூறு பேர் வருவார்கள் என்றும் சொன்னார். அவர்களில் பாதிப்பேருக்காவது நான் வாத்து என்று தெரியும். அவர்கள் முன்னால் ஒரே ஒருமுறை, வாயை இறுக்க மூடிக்கொண்டு, காலால் அந்தப் பதினொன்றையும் வாசித்துவிட்டால் பெயர் ஒழிந்துபோகும் என்று உறுதியாக நம்பினேன். கைபேசியில் தேடியதில் கடையநல்லூரில் ஒரு பெடல் விற்பனைக்கு இருந்தது.

விற்றவர் கைபேசி பழுதுபார்க்கும் கடைக்காரர். நாற்பது வயதிருக்கும்.

“மச்சான் துபாய்ல வச்சிருந்தாரு. நான் ஒரு தடவகூட மிதிச்சதில்ல அண்ணாச்சி” என்றார்.

மேல் தட்டின் ரப்பரில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன. எண்ணினேன். முன்பக்கத்தில் ஏழு வரி தேய்ந்து வழுக்கையாகியிருந்தது.

“மச்சான் நல்லா மிதிச்சிருக்காரே?”

“அவரு மிதிப்பாரு. நான் மிதிக்கலன்னுதான் சொன்னேன்.”

நாலாயிரம் கேட்டார். 2,750க்கு மேல் போவதில்லை என்று வீட்டிலேயே தாளில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். அவர் 3,900 என்றார், டீயும் வாங்கித் தருவதாகச் சொன்னார். சரி என்றேன். டீ குடிக்கும்போதுதான், பெடலைச் சோதித்துப் பார்க்கக் கிதாரைக் கொண்டுவரவில்லை என்பது உறைத்தது. அதற்காகச் சும்மா விடவில்லை. கையால் பத்து முறை அழுத்திப் பார்த்தேன். பத்து முறையும் கீழே போய் மேலே வந்தது.

வீட்டில் இணைத்ததும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கரகரவென்று இரைந்தது. டிவி பழுதுபார்ப்பவரிடம் கேட்டு, உள்ளே அடிக்க ஒரு ஸ்ப்ரே வாங்கினேன். இரைச்சல் அடங்கியது. மறுநாள் பெடல் செத்துக் கிடந்தது. வயரைச் செருகி வைத்தாலே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் என்பது இரண்டாவது பேட்டரியும் போன பிறகுதான் புரிந்தது.

ஆனால் உண்மையான தொல்லை என் கால். வாசிக்க உட்கார்ந்தால் என் வலது கால் தானாகத் தாளம் தட்டும். இளமையிலிருந்தே அப்படி, மனம் எண்ணுவதைக் கால் எண்ணும். அதே காலைப் பெடலில் வைத்தபோது ஒவ்வொரு தட்டுக்கும் கிதார் வாயைத் திறந்தது. பதினோரு இடத்தில் வரவேண்டியது நூற்றுக்கணக்கான இடத்தில் வந்தது.

“ஏங்க, ஒரு வாத்துன்னா பரவால்ல” என்று அடுக்களையிலிருந்து மனைவி சொன்னாள். “இது பண்ணையே வந்த மாதிரில்லா இருக்கு.”

அந்தக் காலை அடக்குவதற்கு ஆறு நாள் உழைத்தேன், நாளைக்கு இரண்டு மணி நேரம் வீதம். நான்கு எண்ணுவதற்குள் மெதுவாக முன்னே, அடுத்த நான்கில் மெதுவாகப் பின்னே. ஆறாம் நாள் என் கால் பெரிய மனிதனின் கால்போல நிதானமாகப் போய் வந்தது. சேர்ந்து ஒருமுறை பழகலாம் என்று டிரம்ஸ்காரரைக் கேட்டிருந்தேன். “பந்தல்காரன் பின்னால அலையுதேன் வே. நம்ம வாசிக்காத பாட்டா?” என்றுவிட்டார்.

மண்டபத்தில் முதல் மூன்று பாட்டும் நன்றாகவே போயின. நான்காவதற்கு முன் பெடலை எடுத்து விளக்கு வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து வைத்தேன். மைக்கைத் தள்ளி நிறுத்தினேன். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் ‘வா’ அருமையாகத் திறந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வருவதற்கு நேரம் பிடித்தது. பாட்டின் வேகம் குறைந்துகொண்டே போவது அப்போதுதான் தெரிந்தது. பாடகர் ஒரு வரியை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கினார். பந்தியிலிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள். மேடையில் நின்ற பெண்ணும் மாப்பிள்ளையும், பாட்டு முடிந்துவிட்டதாக எண்ணிக் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். டிரம்ஸ்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதம் நிதானமாகக் கீழே போனது. குச்சியும் நிதானமாகக் கீழே போனது.

“ஏ வாத்து, கால எடும்வே.”

எடுத்தேன். பக்கத்துப் பலகையில் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. நாலாவது தட்டில் டிரம்ஸ் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. பாடகருக்கு உயிர் வந்தது. அடுத்த ‘வா’ வரப்போகிறது, மீதி ஒன்பது. பெடலில் கால் வைத்தால் பாட்டு மறுபடி படுக்கும். வைக்காவிட்டால் ஒன்பது இடமும் வெறுமையாகக் கிடக்கும். தள்ளி வைத்த மைக்கை இழுத்தேன். வாயைத் திறந்தேன்.

ஒன்பதையும் கொடுத்தேன். அந்த மாலையில் பெரிய கைதட்டு அதற்குத்தான் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

கீழே இறங்கியதும் டிரம்ஸ்காரரைப் பிடித்தேன்.

“என் காலுல என்னவே பார்வை?”

“அன்னைக்கில இருந்து உம்ம காலப் பாத்துத்தான அடிக்கேன். கூட்டத்துக்குள்ள எனக்கு என்ன கேக்கும்?”

“இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“சொன்னா நீரு அதையும் எண்ணிக்கிட்டு வருவீரு. எனக்குக் காலு போதும்.”

அதற்குள் பெண் வீட்டுச் சிறுமி ஒருத்தி, “வாத்துத் தாத்தா, ஒரு செல்ஃபி” என்று வந்து நின்றாள். அவர்கள் கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள். அதுவரை அந்த ஊரில் எனக்கு அந்தப் பெயர் இல்லை.

செப்டம்பரில் மறுபடி கடையநல்லூர் போனேன். கடைக்காரர் பெடலைப் புரட்டிப் பார்த்தார். “மிதிச்சீங்களா அண்ணாச்சி?”

“ஒரு பாட்டு. அதுலயும் பாதி.”

“அப்ப இன்னும் புதுசுதான்” என்று சொல்லி இரண்டாயிரம் தந்தார். இந்த முறை டீ என் செலவில்லை, அவர் செலவும் இல்லை, அவர் கேட்கவேயில்லை. பெடல், ஸ்ப்ரே, மூன்று பேட்டரி, போக வர இரண்டு முறை பேருந்து எல்லாம் கூட்டி, அந்த இரண்டாயிரத்தைக் கழித்தால், கல்யாணத்துக்கு வைத்த மொய் நீங்கலாக, அந்தப் பெயர் இன்னோர் ஊருக்குப் போய்ச்சேர எனக்கு ஆன செலவு 2,490 ரூபாய்.