சந்தையில் வாங்கிய குடைமிளகாய்

வேலையை விட்டுவிட்டு அடி அண்ணாமலையில் பசுமைக்குடில் போட்டவள் நான். மார்கழிக் குளிரில் என் குடைமிளகாய்ச் செடிகள் ஒரு சாணுக்கு மேல் வளரவே இல்லை. வெட்கம் தாங்காமல், சந்தையில் வாங்கிய காய்களை என் செடியில் காய்த்தவை என்று அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அதன்பிறகு வெளியே வரவே பயம், யாராவது "காய் வந்துச்சா?" என்று கேட்பார்கள். குளிர் புகாதபடி பக்கத் திரைகளை இரவும் பகலும் இறக்கிவிட்டு உள்ளேயே கிடந்தேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும்போது தோட்டத்தையும் பார்ப்பதாக அம்மா சொன்னார்.

மறுநாள் பக்கத்து நிலத்து ஷகிலா அக்கா உள்ளே வந்தார். கூரையிலிருந்து நீர் சொட்டி, இலைகள் அழுகத் தொடங்கியிருந்தன.

"ஈரம் ஜாஸ்தியாயிடுச்சும்மா. குளிர்ல மெதுவாத்தான் வளரும், அது தப்பில்ல. இப்படி மூடி வச்சாதான் செத்துடும்," என்றபடி திரையைச் சுருட்டினார். "உனக்கே மூச்சு முட்டலியா?"

அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டேன். "அது சந்தைக் காய்ம்மா. இங்க இன்னும் பூகூட வைக்கல."

"தெரியும்டி. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்," என்றார் அம்மா. "செடியப் பாக்கத்தான் வரேன்."

மாசியில்தான் முதல் காய் வந்தது. அதுவரை வழியில் யார் விசாரித்தாலும், "இன்னும் காய்க்கலீங்க" என்று நின்று பதில் சொன்னேன்.