பஸ்ஸில் ஏறிய கடல்

பிள்ளைகளா, எண்பதுகளில் பெரம்பலூர் - அரியலூர் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தபோது நடந்தது இது.

ஒருநாள் மத்தியானம் ஓவியர் ஒருவர் பெரிய படத்தோடு ஏறினார். கடற்கரையில் ஒரு பையனும் அவன் அக்காவும் மணல்வீடு கட்டுகிற படம்.

“சின்ன வயசுல நானும் எங்க அக்காவும்ங்க. அக்கா இப்ப இல்ல. அரியலூர்ல ரயில் புடிச்சு மெட்ராஸ் கண்காட்சிக்குக் கொண்டு போறேன்” என்றார்.

“மேல போட்டுடுங்க சார்” என்றேன்.

“ஆயில் பெயிண்ட், இன்னும் காயலைங்க. லாரிப் புழுதியெல்லாம் அப்பிக்கும்.”

சரியென்று ஜன்னலோரச் சீட்டில் நிறுத்தச் சொன்னேன். இடமில்லாமல் நின்ற ஒரு அம்மா, “ஏந்தம்பி, கடலுக்கு டிக்கெட் கிழிச்சிட்டியா?” என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது.

அந்தச் சிரிப்பில் யாரும் கவனிக்கவில்லை. முன்சீட்டுப் பெண்ணின் தோளில் கிடந்த குழந்தை எட்டி, படத்தின் ஈர மணலில் பட்டென்று அறைந்துவிட்டது. விரல்கள் அப்படியே பதிந்தன.

“ஐயோ, பாழாப் போச்சே!” என்று தாய் அழுதேவிட்டாள். தப்பு என் மேலும்தான். அங்கே இடம் கொடுத்தவன் நானல்லவா?

ஓவியர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“அழாதம்மா. எங்க அக்கா இப்படித்தான் மணலை அறைஞ்சு அறைஞ்சு வூடு கட்டும். அதை வரைய மறந்துட்டேன். இது இப்படியே இருக்கட்டும்.”

கறை என்றால் உடனே துடைக்க மட்டுமே தெரிந்தவன் நான். நின்று பார்க்கவும் வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

அரியலூரில் எல்லோரும் இறங்கிய பிறகு பார்த்தால், ஜன்னல் கம்பியிலும் மணல் நிறத்தில் குட்டி விரல்கள். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். பிறகு அதைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்த விரல்களுக்குப் பக்கத்தில் என் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.