இடுப்பு மட்டத்துக் குளம்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நினைத்தாலே உள்ளங்கையில் அந்தச் சேற்று நாற்றம் ஏறுகிறது. சோப்புப் போட்டாலும் போகாது.

உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே பெரிய நிலக்காரர் ஒருவர், தன் தோட்டத்தில் தாமரைக் குளம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். தோண்டுகிற குளம் இல்லை. பட்டணத்துப் பங்களா ஒன்றில் பார்த்தாராம், தரைக்கு மேலே சுவர் எழுப்பித் தண்ணீர் நிறுத்துகிற குளம். இடமோ மாட்டுக்கொட்டகையிலிருந்து கிணறு வரைக்கும் ஒரே சரிவு. தேங்காயை உருட்டிவிட்டால் கிணற்றில் போய்த்தான் விழும்.

வேலை என் கூட்டாளிக்கு வந்தது. மேஸ்திரியிடம் கையாளாக இருந்தவன், தனியாகக் கரண்டி பிடித்த முதல் வேலை. குளம் சரியாக நின்றால் மாடி கட்டுகிற வேலையும் உனக்குத்தான் என்று நிலக்காரர் சொல்லியிருந்தார். அந்த மாடியை நம்பி அவன் வீட்டில் பெண் பார்க்கவே கிளம்பிவிட்டார்கள். நான் அவனுக்குச் சித்தாள். செங்கல் தூக்குவது பாதி, வாயடிப்பது பாதி.

அவன் ரசமட்டம் வைத்துச் சுற்றிலும் நூல் கட்டினான். மேட்டுப் பக்கம் நூல் முழங்காலுக்கு வந்தது, பள்ளத்துப் பக்கம் மார்புக்கு. நிலக்காரர் முகம் சுருங்கியது. எந்தப் பக்கம் நின்றாலும் குனியாமல், எம்பாமல் பூவைப் பார்க்க வேண்டுமாம். நூலை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் போய் நின்று, தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, இதுதான் உயரம் என்றார்.

கூட்டாளி என் பக்கம் வந்து முணுமுணுத்தான்.

"நீ சொல்லுடா. நான் சொன்னா மொறைப்பாரு. நீ சொன்னா சிரிச்சிக்கினே கேட்டுக்குவாரு."

உண்மைதான். என் கேலி அவருக்குப் பிடிக்கும். சரிவுக்குத் தக்கபடி தண்ணீர் சாய்ந்து நிற்காது, அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் சொன்னது வேறு.

"எசமான் இடுப்பு இருக்கறப்ப ரசமட்டம் எதுக்குடா? ஊரே அதப் பாத்துதான குனியுது, நிமுருது."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தோடு பேச்சு முடிந்தது. சரிவோடு சரிவாகச் சுவர் எழுந்தது, சாய்த்து வைத்த முறம் மாதிரி.

ஏரி வண்டலைக் கொட்டி, தாமரைக் கிழங்கு நட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். பள்ளத்துப் பக்கம் வழிந்து ஓடியது. மேட்டுப் பக்கம் வண்டல் நனைந்ததோடு சரி. ஒரே வாரத்தில் அதில் நத்தைகள் செத்து அழுகின. பள்ளத்துத் தண்ணீரில் விட்ட கெண்டைக் குஞ்சுகள் வயிறு வெளுத்து மிதந்தன. அவற்றின் மேல் பச்சையாக ஓர் ஏடு, அதன் மேல் கொசு. நிலக்காரரின் சம்பந்தி வீட்டார் வந்தபோது ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் காபி குடித்தார்கள்.

அவர்கள் முன்னாலேயே நிலக்காரர் கூட்டாளியைக் கூப்பிட்டார்.

"மட்டம் பாக்கத் தெரியாதவன்லாம் இன்னாத்துக்குடா கரண்டி புடிக்கிறீங்க?"

இடுப்பைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நானும் அங்கேதான் நின்றேன்.

மாடி வேலை வேறு மேஸ்திரிக்குப் போனது. பெண் வீட்டிலிருந்தும் அப்புறம் ஆள் வரவில்லை. குளத்தை நாங்களே இடித்தோம். சேற்றை இரண்டு கையாலும் அள்ளினேன், விரல் இடுக்கில் புழு நெளிந்தது. சேற்றையாவது கழுவலாம். அவர் வாயையும் என் வாயையும் எதைப் போட்டுக் கழுவுவது?

எழுதியதை நேற்று கூட்டாளிக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றையும் விடவில்லை என்று பெருமையாக வேறு சொன்னேன். சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே கேட்டான்.

"அவுரு சிரிச்சப்ப நீயும் கூட சேந்து சிரிச்சியே, அத எழுதினியா?"