வெளியே தொங்கிய சேலைத் தலைப்பு

போன வியாழக்கிழமை பிற்பகல் நான்கு பத்துக்கு என் மகள் தொலைபேசியில் இருமினாள். இருமலுக்குப் பின்னால் புகையெச்சரிக்கைக் கருவி வீறிட்டுக்கொண்டிருந்தது. "அம்மா, நீங்கள் குளிருக்கை வருவீங்களெண்டு பெய்ஸைக் கொளுத்தினனான். புகையெல்லாம் உள்ளுக்கை வருது" என்றாள். "வெளியிலை ஓடு" என்று நான் கத்தியது அவளுக்குக் கேட்டதோ தெரியாது, தொடர்பு அறுந்துவிட்டது.

நான் ரயிலில் இருந்தேன். நான் இறங்கும் ஹவுகெட்டோ நிலையத்துக்கு இன்னும் பத்து நிமிடம். பதின்மூன்று வயது ஆரணிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பெய்ஸின் புகைபோக்கி வாயைச் சாக்கினால் அடைத்து வைத்திருந்தவள் நான்தான்.

"பெய்ஸ்" என்பது இந்த நாட்டு வீடுகளில் சுவரில் பதித்திருக்கும் கண்ணாடிக் கதவு போட்ட விறகடுப்பு. எரிந்தால் வீடே சூடாகும். எரியாமல் கிடந்தால் புகைபோக்கி வழியாகக் குளிர் இறங்கிவந்து தரையோடு ஊர்ந்து கணுக்காலைக் கடிக்கும். நான் சிறுமியாக இருந்தபோது ட்வெய்ட்டாப் பக்கம் ஒரு பழைய மரவீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். அங்கே நெருப்பு மூட்டக்கூடாது என்பது வீட்டுக்காரியின் கட்டளை. முதல் குளிர்காலத்தில் அப்பா அந்த அடுப்பின் முன் குந்தியிருந்து, உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "நெருப்பு வைக்கிற இடத்தாலை குளிர் வருதெண்டால், இந்த நாட்டிலை வேறை எதைத்தான் நம்புறது?" என்றார்.

அடுத்த நாளே ஓர் அரிசிச் சாக்கு நிரம்பியது. விமானத்தில் சுமந்து வந்தும் இங்கே உடுக்க முடியாமற்போன உடுப்புகள், அம்மாவின் நூற்சேலைகள், அப்பாவின் சாரங்கள், எங்கள் அரைக்கைச் சட்டைகள் எல்லாம் பூச்சி உருண்டை மணத்தோடு அதற்குள் போயின. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் முதற்குளிர் வந்ததும் நாங்கள் நால்வரும் அடுப்பைச் சுற்றிக் கூடுவோம். அண்ணன் டோர்ச் அடிக்க, நான் சாக்கின் அடியைத் தாங்க, அப்பா தலையை உள்ளே விட்டு முழங்கை வரை கரியோடு அதை மேலே தள்ளுவார். "குண்டு மாமா ஏறியிட்டாரோ?" என்று அம்மா கேட்பார். அந்தச் சாக்குக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். "வயிறு மாட்டுப்பட்டுப் போச்சு. மெல்லமாய்த் தள்ளுங்கோ அப்பா, மாமாவுக்கு நோகும்" என்பான் அண்ணன். சாக்கிலிருந்த ஒரு சேலையின் தலைப்பை அடுப்புக் கதவுக்கு வெளியே ஒரு முழம் தொங்கவிட்ட பிறகுதான் அம்மா எழும்புவார். "வாலை விட்டு வையுங்கோ. ஆராவது தெரியாமல் கொளுத்திப் போடுவினம்." பிறகு நால்வரும் தரையில் அமர்ந்து கைகளை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்ப்போம். வராது.

பள்ளித் தோழிகள் வரும் நாளில் அந்த வாலை நான் வெட்கப்பட்டு உள்ளே செருகிவிடுவேன். அவர்கள் போனதும் அம்மா அதை இழுத்து வெளியே விடுவார்.

இந்த ஒக்ரோபரில் எங்கள் வீட்டுப் புகைபோக்கியை நான் தனியாகவே அடைத்தேன். கணவருக்கு ஸ்தவாங்கரில் வேலை, வார இறுதியில்தான் வருவார். ஆரணி பள்ளியில் இருந்தாள். கைத்தொலைபேசியைப் பல்லில் கடித்து வெளிச்சம் பிடித்துக்கொண்டு, அம்மா விட்டுப்போன சேலைகள் நிறைந்த சாக்கைத் தள்ளினேன். பிறகு ஆரணியின் தோழிகள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று எண்ணி, தொங்கிய தலைப்பையும் உள்ளே செருகினேன். அதை இழுத்துவிட இப்போது ஒருவரும் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது அவளிடம் சொல்ல நினைத்தேன். அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

நிலையத்திலிருந்து ஓடிவந்தபோது வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. இழுத்தெறியப்பட்ட சாக்கு பனியில் கிடந்து புகைந்தது. "உள்ளே ஒருவரும் இல்லை" என்றார் ஒரு தீயணைப்பாளர். அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அவளுடைய தொலைபேசி சோபாவில் கிடந்தது, சப்பாத்து கதவடியில் கிடந்தது. ட்வெய்ட்டா வீடு இடிபட்டுப்போனது, அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அதையெல்லாம் எப்படியோ தாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் நடப்பது அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்ததே, அது எப்போது எங்களை விட்டுப் போனது என்றுதான் தெரியவில்லை. தெருவில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரரின் பெரிய குளிரங்கியும், காலுக்குப் பொருந்தாத அவருடைய சப்பாத்துமாக ஆரணி பனியில் தடுமாறித் தடுமாறி வந்தாள். அழுது வீங்கிய முகம், மூக்கில் கரி. நான் கட்டிப்பிடிக்கப் போக, ஓரடி தள்ளி நின்று சாக்குக்குள் தெரிந்த என் அம்மாவின் சேலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதை ஆர் வைச்சதெண்டு எதிர்வீட்டு ஆக்கள் கேட்டவை. எனக்குத் தெரியாதெண்டனான்" என்றாள். "இப்ப ஆர் ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது, அம்மா?"