ஆறு டேங்க்கும் ஒரு காய்ச்சலும்

பெருங்குடி சிக்னலில் கம்பெனி வண்டி நின்றிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கையில் குடும்ப வாட்ஸப் குழு. பெரியப்பா ஒரு ரோஜாப்பூ அனுப்பியிருக்கிறார், அதன்மேல் ஒரு வசனம். சித்தி ஒரு சூரிய உதயம், அதன்மேல் ஒரு வசனம். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். இதில் ஒன்றையாவது நம்மில் யாராவது செய்கிறோமா? சிக்னல் பச்சையாவதற்குள் புதுக் குழுவே தொடங்கிவிட்டேன். பெயர் ‘இன்றைய வேலை’. காலையில் ஒரு வசனம், அதற்குக் கீழே அன்றைக்குள் செய்து முடிக்க ஒரே ஒரு வேலை. பேச்சு நின்றுபோன ஒருவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள். கோபத்தில் தட்டிய பதிலைப் பத்து நிமிடம் கழித்து அனுப்புங்கள். இந்த மாதிரி.

மூன்று மாதத்தில் அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அறுபத்து மூன்று பேரும் கைகூப்பினார்கள். “செய்தேன்” என்று எழுதியவர் ஒரே ஒருவர், அதுவும் ஒரே ஒரு நாள். செல்வின் அண்ணன், என் பெரியம்மா மகன். பாளையங்கோட்டைக்காரர், சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “நேர்ல வந்தா சொல்லுதேன் பிள்ள” என்று பதில். இது போதாதா எனக்கு? போக வரப் பத்தொன்பதாயிரத்து நானூறு ரூபாய், டிக்கெட் போட்டேன், விசாவுக்கும் எழுதிப் போட்டேன். என் முதல் சாட்சி கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறது, போய்க் கேட்க வேண்டாமா!

வெள்ளிக்கிழமை, காலை 9.15, சென்னை விமான நிலையம். புறப்படும் அவசரத்தில் கைப்பேசியில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, மேனேஜருக்கு மின்னஞ்சல்: வைரல் காய்ச்சல், செவ்வாய் வரை வர இயலாது. இரண்டு, சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய வருகைப் படிவம். அதில் ஒரு கேள்வி: உங்களுக்குக் காய்ச்சல் உண்டா? இல்லை என்று தொட்டேன். இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட இருக்காது. அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மாலை 4.50, சிங்கப்பூர், சாங்கி விமான நிலையம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டு ரயிலேறினேன். எக்ஸ்போ நிலையத்தில் மாறினால் நீலத் தடம் நேராக புக்கிட் பாஞ்சாங்கில் கொண்டுபோய் விடுகிறது. ஒன்றேகால் மணி நேரம், மூன்று வெள்ளிக்குள் செலவு. இங்கே டாலரை வெள்ளி என்கிறார்கள். பெட்டி நிறைய ஆட்கள், ஒரு சத்தம் இல்லை. அண்ணன் தங்கியிருப்பது தொழிலாளர் விடுதி, அங்கே நான் தங்க முடியாது. அதனால் எங்கள் சபைப் போதகரின் உறவுக்காரர் ஷர்மிளா அக்கா தன் வீட்டில் இடம் கொடுத்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பாலர் பள்ளி ஆசிரியை. பதினோராம் மாடி. கதவைத் திறந்ததுமே, “நீதான் அந்த வசன கேர்ளா? ஒல்லியா இருக்கே லா. சாப்பிட்டியா?” என்றார். ‘லா’ இந்த ஊர்ப் பேச்சின் வால், சும்மா ஒட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை, காலை 8.30. வீட்டுக்குப் பக்கத்து உணவங்காடியில் என் முதல் ஊழியம் நடந்தது. அன்றைய வேலையாக நான் குழுவில் போட்டிருந்தது: கண்டெடுத்ததை உடையவரிடம் சேருங்கள். ஒரு மேசைமேல் யாரோ ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். பாய்ந்து எடுத்து, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சீனப் பாட்டியிடம் ஒப்படைத்தேன். அவர் என்னையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் நான்கு பேர் அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். கொதிக்கும் நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஒரு மாமா வந்து நின்று மேசையைத் தேடுகிறார். ஷர்மிளா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயோ, அது தொலைஞ்சது இல்ல லா! அவர் சீட் பிடிச்சு வச்சிட்டுப் போயிருக்காரு. இங்க டிஷ்யூ வச்சா அந்த டேபிள் நம்மளுது. பூட்டுப் போட்ட மாதிரி.”

“நான் நல்லதுதானே அக்கா செஞ்சேன்?”

“செஞ்சே செஞ்சே. அங்க பாரு, நின்னுட்டே சாப்பிடறாரு.”

மாமாவிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். அவர் நூடுல்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஞாயிறு, மாலை 4 மணி, லிட்டில் இந்தியா. அந்தக் கூட்டத்தை எழுதிக் காட்ட முடியாது. தி.நகர் தீபாவளி நெரிசலில் பெண்களை எடுத்துவிட்டு அத்தனை பேரையும் ஆண்களாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. வாரத்தில் ஆறு நாள் கட்டடத்திலும் கப்பலிலும் நிற்கிறவர்கள் புல்தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தேவாலய வாசலில் காத்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன் பார்த்ததைவிடக் கறுத்திருந்தார், இளைத்திருந்தார்.

“என்னட்டி, வழி கண்டுபிடிச்சிட்டியே. ஆபீஸ்ல லீவு குடுத்தாவளா?”

“ம்” என்றேன். ஆராதனை தொடங்கிவிட்டது, நல்ல வேளை.

முடிவில் அந்தச் சபைப் போதகர் என்னை எழுப்பிவிட்டார், பத்து நிமிடம் பேசச் சொல்லி. விடுவேனா? வசனம் படிப்பதற்கில்லை, பழக்கமாவதற்கு என்றேன். சின்னச் சின்ன வேலைகள் என்றேன். மழை பெய்கிற மாதிரி மெல்ல மெல்ல நம் குணம் மாறும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். “அதைச் செய்து பார்த்த ஒருவர் இங்கேயே இருக்கிறார்” என்று அண்ணனைக் காட்டினேன். எழுந்து சாட்சி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் தரையைப் பார்த்தார். பக்கத்து வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் சட்டென்று, “ஜெபிப்போம்” என்றார்.

மாலை 6.10, ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு பிரியாணிக் கடை. மட்டன் பிரியாணி எட்டு வெள்ளி. அண்ணனோடு பட்டறையில் வெல்டராக இருக்கும் ரஹ்மத்துல்லா அங்கே இடம் பிடித்து வைத்திருந்தார், டிஷ்யூ பாக்கெட் வைத்துத்தான். நாகூர்க்காரர்.

“இதுதான் ஒன் தங்கச்சியா செல்வின்? வசனம் அனுப்புற ஆளு? நான் என்னமோ தாடி வச்ச பாஸ்டரா இருக்கும்னு நெனச்சேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, நாளைக்கு விசாரணைக்கு நீயும் வர்றியா? நீதானே முதல் குற்றவாளி.”

“என்ன விசாரணை?”

“அட, ஒண்ணும் சொல்லலையா இவன்?”

“பேசாம தின்னுங்க பாய்” என்றார் அண்ணன்.

பாய் தின்னவில்லை, சொன்னார்.

கப்பலின் அடிவயிற்றில் டேங்க்குகள் இருக்கும். ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, உள்ளே இருட்டு. காற்றைச் சோதிக்கத் தனி ஆள் உண்டு. ஏணி, விளக்கு, மின்கம்பி எல்லாம் சரியா என்று மேற்பார்வையாளர் தானே இறங்கிப் பார்த்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் வெல்டர்கள் இறங்கலாம். விதி இதுதான். நடைமுறை வேறு. காலை ஏழே முக்காலுக்கு, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, ஆறு டேங்க்குக்கும் ஆறு தாளில் நின்ற இடத்தில் கையெழுத்து. எல்லா மேற்பார்வையாளர்களும் அப்படித்தான். அண்ணனும் அப்படித்தான்.

அண்ணன் “செய்தேன்” என்று எழுதிய அன்றைக்குக் காலை என் குழுவில் வந்தது மலைப்பிரசங்க வசனம். ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்கிற பொருளில் வருமே, அது. அதற்குக் கீழே நான் எழுதியிருந்த வேலை: இன்று நீங்கள் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் உண்மையாக இருக்கட்டும்.

அதை எழுதிய இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அலுவலகக் காப்பி இயந்திரத்தின் முன்னால், கோப்பை நிரம்புவதற்குள்.

“இவன் என்ன பண்ணினான் தெரியுமா? தாளை மடிச்சுப் பையில வச்சிட்டு முதல் டேங்க்ல இறங்கிட்டான். அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. ஆறும் முடிய மணி பத்தரை. நாங்க இருபத்திரண்டு பேரு மேல வெயில்ல நிக்கிறோம். மேனேஜர் கத்துறாரு. இவன் கரியாட்டம் மேல வர்றான்.”

“உள்ள ஏதாவது பழுது இருந்துச்சா அண்ணே?” என்றேன். இருந்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அறுந்த கம்பி, உடைந்த ஏணி, ஏதாவது ஒன்று.

“ஒண்ணும் இல்லட்டி. ஆறும் சுத்தமா இருந்துச்சு.”

“அதோட விட்டிருந்தா ஒரு வாரம் திட்டு வாங்கிட்டுப் போயிருப்பான்” என்றார் பாய். “மேனேஜர் கேட்டாரு, தினமும் எட்டு மணிக்கு முடிக்கிறவன் இன்னைக்கு ஏன் பத்தரைன்னு. இவன் சொல்றான், தினமும் நான் இறங்கினதே இல்ல சார், ஆறு மாசமா பாக்காமதான் கையெழுத்துப் போட்டேன்னு. எல்லாரு முன்னாடியும்! அன்னைக்கே மேற்பார்வை வேலைய எடுத்துட்டாங்க. நாளைக்கு விசாரணை. வேலை அனுமதி அடுத்த மாசம் முடியுது. புதுப்பிச்சா இருப்பான், இல்லேன்னா பாளையங்கோட்டைதான்.”

அண்ணனின் மூத்த மகள் இந்த வருடம் பிளஸ் டூ. பியூலா அண்ணிக்கு இன்னும் தெரியாதாம். எதிரே உட்கார்ந்து அவர் எலும்பைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் அறுபத்து மூன்று பேருக்குத் தினமும் எதை அனுப்பிக்கொண்டிருந்தேன்? ரோஜாப்பூ இல்லாத ரோஜாப்பூவைத்தானே. ஒருவர் அதை நிஜமாகவே எடுத்துச் செய்துவிடுவார் என்று நானே நம்பியிருக்கவில்லை!

கிளம்பும்போது பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஏழு வருஷமா டேங்க்ல இறங்குறேன் தங்கச்சி. எனக்கு முன்னாடி ஒருத்தன் உள்ள போய்ப் பாத்துட்டு வந்து, பாய் இப்ப நீங்க இறங்கலாம்னு சொன்னது அன்னைக்கு ஒரு நாள்தான்.”

திங்கட்கிழமை, காலை 10.40, ஜூரோங். வராதே என்று அண்ணன் சொல்லியிருந்தார், வந்துவிட்டேன். பட்டறைக்குள் விட மாட்டார்கள். பூன் லே ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். பால் காப்பி ஒரு வெள்ளி அறுபது காசு. அன்றைய வசனத்தைக் குழுவில் போடவில்லை. “சிஸ்டர், இன்னைக்கு வேலை வரலையே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜெபிக்கப் பார்த்தேன். அண்ணன் வேலை போகக் கூடாது என்பதைத் தவிர வேறு ஒரு சொல் வரவில்லை.

மதியம் 12.35க்கு அண்ணன் வந்தார். உட்கார்ந்தார். என் ஆறிய காப்பியை எடுத்துக் குடித்தார்.

“புதுப்பிக்க மாட்டாவளாம். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் ஃபிட்டரா இருந்துட்டுப் போகச் சொல்லிட்டாவ.”

காலியான கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“யாரு உன்ன இப்படிச் சொல்லச் சொன்னான்னு கேட்டாவ. வக்கீலா, சங்கமான்னு. வாட்ஸப்னேன்.” அவரே சிரித்தார், பிறகு நிறுத்தினார். “இன்னைக்குப் போர்டுல தாள் ஒட்டிட்டாவட்டி. இனிமே எல்லா மேற்பார்வையாளரும் இறங்கித்தான் ஆகணும், கூட ஒருத்தன் நின்னு பாப்பான். எல்லாரும் இறங்குதானுவ. எனக்கு மட்டும் இறங்க வேலை இல்ல.”

“என்னாலதானே அண்ணே.”

“ஒன்னாலதான்.” மறுக்கவே இல்லை. “ஒனக்கு நன்றி சொல்லணுமா, ஒரு அறை விடணுமான்னு தெரியல. ராத்திரி தூக்கம் வருது, அது நெசம். பியூலாகிட்ட என்ன சொல்லப் போறேன்னு தெரியல, அதுவும் நெசம்.”

அதைக் கேட்டதும் நானும் சொல்லிவிட்டேன். “அண்ணே, எனக்கு லீவு குடுக்கல. காய்ச்சல்னு மெயில் போட்டுட்டு வந்தேன்.”

திட்டுவார் என்று இருந்தேன். புறங்கையை நீட்டி என் நெற்றியில் வைத்துப் பார்த்தார், நிஜமாகவே காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல.

“சுடவே இல்லையே பிள்ள” என்றார். எழுந்து இரண்டு சூடான காப்பி வாங்கி வந்தார். அதைக் குடித்துக்கொண்டே ஊருக்கு அழைத்து, “பியூலா, ஒண்ணு சொல்லணும், உக்காந்துக்கோ” என்று தொடங்கினார். நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

செவ்வாய், பிற்பகல் 2.20, சாங்கி. விமானம் ஏற இன்னும் அரை மணி இருக்கிறது. ஷர்மிளா அக்கா கையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டைத் திணித்து வழியனுப்பினார், “பிளேன்ல சீட் பிடிக்க” என்று. இந்த ஊரில் மேசைமேல் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகலாம், யாரும் தொட மாட்டார்கள். எங்கள் ஊரில் மேசையைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வித்தியாசத்தைத்தான் எழுதலாம் என்று இருந்தேன். கையெழுத்து விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்று என்று ஆகிவிட்டது, பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற அந்த ஊர்க்காரிதான் நானும்.

மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினேன்: எனக்குக் காய்ச்சல் இல்லை. அனுப்பும் பொத்தான் வரை விரல் போனது. பிறகு அழித்துவிட்டேன். இது நின்ற இடத்தில் போடும் கையெழுத்து. நாளை காலை ஒன்பதரைக்கு அவர் அறைக் கதவைத் தட்டி, உள்ளே போய், முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறேன். அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. குழுவில் மூன்று பேர் இன்றைய வேலை எங்கே என்று கேட்டுவிட்டார்கள். நாளைக்கு நான் அந்த அறையிலிருந்து வெளியே வந்த பிறகு அனுப்புகிறேன்.